இருபதுக்கு எழுபது எங்கே போனது?

எங்கள் தாமான் குடியிருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் மேம்பாட்டாளர் நிறுவனத்தாருக்கும், அதன் வரைபடங்களைப் பார்த்துக் கையெழுத்திடும் மாவட்ட அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்துக்காரன். பிறந்து வளர்ந்தது தோட்டத் தொழிலாளர் லயத்தில். 1981-இல், பதினெட்டு வயதில், உக்கூர் (நில அளவை) வேலைக்குப் போனேன். உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரிடம் முப்பது வருடத்துக்கு மேல் செயின்மேன். காடு, மேடு, சதுப்பு என்று டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்த கால் இது. படிப்பு ஐந்தாம் படிவத்தோடு சரி. ஆனால் ஓர் அடிக்கு எத்தனை மீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான்கு தசமம் வரைக்கும் சொல்வேன்.

ஊர்ப் பெயரையும் உங்கள் பெயரையும் இதில் எழுதவில்லை. கணக்கு திருந்தினால் போதும், யாரையும் மாட்டிவிடும் ஆசை எனக்குக் கிடையாது. படிக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு யார் என்று தெரியும், அது வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். தோட்டம் கைமாறி, லயத்தை இடிக்கப்போகிறார்கள் என்று ஆனதும் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டீர்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். நிறுவனத்திலிருந்து வந்தவர் மைக்கைப் பிடித்து, "இருபதுக்கு எழுபது அடி மனை, எல்லாருக்கும் ஒரே அளவு" என்றார். ஒரு தடவை சொன்னால் மறந்திருப்போம், மூன்று தடவை சொன்னார். எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்கா, நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து, "இருபதுன்னா நம்ம லயத்து வீட்டை விட அகலமா தம்பி?" என்று கேட்டார். அகலம்தான் அக்கா என்றேன். அன்றைக்கு மண்டபத்தில் பரிமாறிய கேசரிகூட எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

போன மாதம் கடிதம் வந்தது. அதில் லோட் (மனை) அளவு 6 மீட்டருக்கு 21 மீட்டர், பரப்பு 126 சதுர மீட்டர் என்று அச்சடித்திருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் சேவை முகப்புக்குப் போனேன். உட்கார்ந்திருந்த பிள்ளை நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். "சாமா லா அங்கிள், ரெண்டும் ஒண்ணுதான், அடியை மீட்டரா மாத்திப் போட்டிருக்கோம், அவ்வளவுதான்" என்றார். பின்னால் வரிசையில் ஆள் நின்றதால் நான் வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

சாமா இல்லை. ஓர் அடி என்பது 0.3048 மீட்டர். இருபது அடி 6.096 மீட்டர். எழுபது அடி 21.336 மீட்டர். நீங்கள் 6 என்றும் 21 என்றும் போட்டுவிட்டீர்கள். அகலத்தில் போனது 9.6 சென்டிமீட்டர், நாலு விரல் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தில் போனது 33.6 சென்டிமீட்டர், ஓர் அடியும் ஓர் இன்ச்சும். நாலு விரலும் ஓர் அடியும் என்றால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். இருபதுக்கு எழுபது 1,400 சதுர அடி, அதாவது 130.06 சதுர மீட்டர். நீங்கள் கொடுப்பது 126. அதைத் திரும்ப அடியில் சொன்னால் 1,356 சதுர அடி. ஆக, ஒரு மனைக்கு 44 சதுர அடி குறைகிறது. ஐந்துக்கு எட்டு குளியலறை ஒன்று கட்டி, வாசலில் செருப்பு விடவும் இடம் வைக்கலாம்.

எங்கள் திட்டத்தில் 96 வீடுகள். ஒரு வீட்டுக்கு நாலு சதுர மீட்டரும் கொஞ்சமும் போனால், 96 வீட்டுக்கு 390 சதுர மீட்டர். அதை 130-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று. மூன்று முழு மனைகள், இருபதுக்கு எழுபதாக, காகிதத்தில் காணாமல் போயிருக்கின்றன. யாரோ திட்டம் போட்டு எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. குளிர்சாதன அறையில் ஒருவர் கணினியில் எண்ணைத் தட்டும்போது தசமம் அசிங்கமாகத் தெரிந்திருக்கும், நறுக்கிவிட்டார். அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பவே விரும்புகிறேன்.

"மீட்டர்தான் சட்டம், அடியெல்லாம் பழங்கதை" என்று பதில் சொல்வீர்களோ என்னவோ. அதற்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு மீட்டர் மேல் எந்தக் கோபமும் இல்லை. 1972-இல் நிறை அளவைச் சட்டம் வந்து, அந்தப் பத்தாண்டு முழுக்க நாடு கொஞ்சம் கொஞ்சமாக மீட்டருக்கு மாறியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது டேப், கருவி, புத்தகம் எல்லாம் மீட்டர். பழைய வரைபடங்கள் மட்டும் செயின், லிங்க் என்ற பழைய நீள அளவுகளில் கிடந்தன. அந்தப் பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் மீட்டரின் அருமை தெரியும்.

ஓர் உதாரணம். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் பழைய கிராண்ட்டில் (நிலப் பத்திரத்தில்) நிலத்தின் அளவு 1 ஏக்கர், 2 ரூட், 17 போல் என்று இருந்தது. ஓர் ஏக்கருக்கு நான்கு ரூட், ஒரு ரூட்டுக்கு நாற்பது போல். எனவே 160, அப்புறம் 80, அப்புறம் 17. மொத்தம் 257 போல். ஒரு போல் என்பது பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி, அதாவது 25.29 சதுர மீட்டர் சொச்சம். பெருக்கினால் 6,500 சதுர மீட்டர். புதுக் கிராண்ட்டில் 0.65 ஹெக்டர் என்று அழகாக உட்கார்ந்தது. கோயில் தலைவர், "என்னப்பா, ஒண்ணரை ஏக்கருக்கு மேல இருந்தது இப்ப அரையே சொச்சமா ஆகிப்போச்சு" என்று பதறினார். ஹெக்டர் பெரியது, ஏக்கரைப் போல் இரண்டரை மடங்கு என்று உட்கார வைத்து விளக்கினேன். ஒழுங்காக மாற்றினால் ஒரு கைப்பிடி மண்கூடக் குறையாது என்பதை அன்றைக்கு என் கையால் போட்டுப் பார்த்தேன்.

ஒழுங்கில்லாமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைச் செய்தவனும் நான்தான்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். ஒரு சிறு தோட்டத்தின் பழைய எல்லைக்கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கல் கிடைத்துவிட்டது. அங்கிருந்து அடுத்த கல்லுக்கு 742.5 லிங்க் என்று பழைய வரைபடம் சொல்கிறது. அளவையாளர் கருவியோடு ஓர் ஓரமாக நின்றுகொண்டு, "மீட்டருக்கு மாத்தி நீயே அளந்து தோண்டு" என்று விட்டுவிட்டார். ஒரு செயின் கிட்டத்தட்ட இருபது மீட்டர், ஒரு செயினுக்கு நூறு லிங்க், அப்படியானால் ஒரு லிங்க் 0.2 மீட்டர். 742.5-ஐ 0.2-ஆல் பெருக்கினேன். 148.5. மனக்கணக்கிலேயே வந்துவிட்டதே என்று ஒரே பெருமை.

148.5-இல் தோண்ட ஆரம்பித்தேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) வேர் தோண்டியவர்களுக்குத் தெரியும், அது பாயை முடைந்து மண்ணுக்குள் விரித்த மாதிரி இருக்கும். மண்வெட்டி துள்ளித் துள்ளித் திரும்பியது. கழித்துப்போட்ட மட்டையின் முள் வேறு முழங்கையைக் கிழித்தது. மதியம் வரைக்கும் ஒரு பிணக்குழி அளவுக்குத் தோண்டியும் கல் இல்லை. அளவையாளர் வந்தார். என் கணக்கைக் கேட்டார். சிகரெட் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் 0.201168 என்று எழுதிப் பெருக்கிக் காட்டினார். 149.367. கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் தள்ளி, காலால் ஒரு கோடு போட்டார். மூன்றாவது வெட்டில் மண்வெட்டி டங் என்றது.

பசியாறக்கூட விடாமல் அவர் சொன்னது இதுதான்: "கணக்கு முடிஞ்ச பிறகு நறுக்கு. முதல்லயே நறுக்காதே." அந்தச் சிகரெட் அட்டையை ரொம்ப நாள் பர்ஸில் வைத்திருந்தேன், எந்த மழையில் போனதோ தெரியவில்லை.

செயின் என்றதும் இன்றைய பிள்ளைகளுக்குக் கழுத்துச் சங்கிலிதான் ஞாபகம் வரும். 1620-இல் எட்மண்ட் கன்டர் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் கண்டுபிடித்த அளவு அது. 66 அடி, நூறு லிங்க். பத்துச் செயின் நீளமும் ஒரு செயின் அகலமும் இருந்தால் சரியாக ஓர் ஏக்கர். எண்பது செயின் ஒரு மைல். கிரிக்கெட் பிட்ச் 22 கஜம் என்கிறார்களே, அதுவும் ஒரு செயின்தான். மனிதர் கெட்டிக்காரர், அந்தக் காலத்து முரட்டு அளவுகளைப் பத்தால் வகுக்கிற மாதிரி வளைத்துக் கொடுத்தார்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரு செயினுக்கு எத்தனை மீட்டர் என்பதிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருந்தன. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என ஆறு நாடுகள் உட்கார்ந்து பேசி, ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று முடிவு செய்தன. அதனால்தான் ஓர் இன்ச் சரியாக 25.4 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் செயின் 20.1168 மீட்டர். ஆனால் நம் தீபகற்பத்தின் வரைபடக் கட்டங்கள் அதற்கு முந்திய கணக்கில் பிறந்தவை. ஒரு மாற்றக் கணக்கில் செயின் 20.116756, இன்னொன்றில் 20.116782. ஐந்தாவது தசமத்தில் வருகிற வித்தியாசம், ஒரு மனையில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தக் கட்டங்களில் கிழக்குப் பக்கத் தூரத்தை எண்ணத் தொடங்கும் எண் 40,000 செயின். ஒரு கணக்கில் அது 804,670.24 மீட்டர், மற்றதில் 804,671.30 மீட்டர். ஒரு மீட்டருக்கு மேல் விலகிவிட்டது. வரைபடக்காரர்கள் இன்றைக்கும் எந்தச் செயின் என்று கேட்டுக்கொண்டுதான் கணினியைத் தொடுகிறார்கள். ஐந்தாவது தசமத்துக்கே அந்தப் பாடு. நீங்கள் முதல் தசமத்தையே எடுத்து வெளியே போட்டுவிட்டீர்கள்.

சரி, உங்களுக்கு நறுக்குகிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று பார்த்தேன். விற்பனை அலுவலகச் சுவரில் நீங்களே ஒட்டியிருக்கும் தளவரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பெரிய சாலை 20.1 மீட்டர். அது 66 அடி, அதே கன்டர் செயின். உள்சாலை 12.2 மீட்டர். அது 40 அடி. வீட்டுக்குப் பின்னால் ஓடும் சந்து 6.1 மீட்டர். அது 20 அடி.

ஒரே வரைபடத்தில், ஒரே காகிதத்தில், சந்தின் இருபது அடி 6.1 மீட்டர். வீட்டின் இருபது அடி 6 மீட்டர். குப்பை லாரி போகிற சந்துக்குத் தசமம் உண்டு, குடியிருக்கிற சனத்துக்குத் தசமம் இல்லை. இதற்கு மட்டும் எனக்கு விளக்கம் வேண்டும். மற்றதையெல்லாம் அசதியில் செய்த தவறு என்று விட்டுவிடுவேன்.

என் அப்பா ஞாபகம் வருகிறது. அவர் தோட்டத்தில் தண்டல், அதாவது ஆட்களுக்கு மேற்பார்வையாளர். 1970-களில் பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டபோது, கன்று வைக்கும் இடத்துக்குக் குச்சி அடிக்கிற லைனிங் வேலை அவர் பொறுப்பு. ஒரு நீளக் கம்பியில் 29 அடிக்கு ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். முக்கோண நடவு, மரத்துக்கு மரம் 29 அடி, வரிசைக்கு வரிசை 25 அடி ஓர் இன்ச் சொச்சம். அப்படி நட்டால் ஏக்கருக்கு 60 மரம்.

அப்புறம் மீட்டர் வந்தது. புது டிவிஷனுக்குக் குச்சி அடிக்கும்போது, படிப்பு முடித்துப் புதிதாக வந்த சின்ன துரை, "இனிமேல் 9 மீட்டர்" என்று சொல்லிவிட்டார். அப்பா புதுக் கம்பி தயார் பண்ணி, துணியெல்லாம் கட்டி முடித்தார். பெரிய மனேஜர் வந்து பார்த்தார். 9 மீட்டர் என்றதும் முகம் மாறிவிட்டதாம். துணியை எல்லாம் அவிழ்க்கச் சொல்லி, 8.84 மீட்டருக்குக் கட்ட வைத்தார். அப்பா வீட்டுக்கு வந்து, "பதினாறு சென்டிமீட்டருக்கு ஒரு நாள் வேலையைக் கெடுத்துட்டாரு" என்று முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது.

பிற்பாடு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 29 அடி முக்கோணத்தில் ஹெக்டருக்கு 148 மரம். 9 மீட்டரில் 143. நூறு ஏக்கரில் சுமார் 210 மரம் குறையும். 9 மீட்டரும் நல்ல இடைவெளிதான், அப்படி நட்டு நன்றாகக் காய்க்கிற தோட்டங்கள் இருக்கின்றன. மனேஜர் 29 அடி என்று முடிவு செய்திருந்தார், மாற்றுகிற சாக்கில் அது யாருக்கும் தெரியாமல் வேறு அளவாக ஆகிவிடக் கூடாது என்று பார்த்தார். மரத்துக்கு மரம் பதினாறு சென்டிமீட்டர் விலகினதைப் பொறுக்காத ஆள் அவர். அந்த மரங்களை வளர்த்த ஆட்களுக்கு முப்பத்து மூன்று சென்டிமீட்டர் விலகும்போது, முகப்பில் "சாமா லா" என்கிறார்கள்.

எங்களுக்கு இரண்டு அளவிலும் பழக்கம் உண்டு, பயப்பட வேண்டாம். எங்கள் ஊரில் காலை எழுந்ததிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றித்தான் பேசுகிறோம். பலகைக் கடையில் பிளைவுட் நாலுக்கு எட்டு, அதே பிளைவுட்டில் ஒட்டியிருக்கும் கனம் மில்லிமீட்டரில். என் பழைய காரின் டயரில் 175/65 R14 என்று இருக்கிறது. 175 மில்லிமீட்டர் அகலம், 14 இன்ச் ரிம், ஒரே டயரில் இரண்டு நாட்டுக் கணக்கு. வீட்டில் தொலைக்காட்சி 43 இன்ச். தூரம் கேட்டால் பிள்ளைகள் கிலோமீட்டர் சொல்வார்கள், நாங்கள் கட்டை சொல்வோம். ஏழாங்கட்டை என்றால் ஏழாவது மைல், பதினோரு கிலோமீட்டருக்கு மேல். கேஸ் தோங் (சிலிண்டர்) கொண்டுவரும் புதுப் பையன் அதை ஏழாவது கிலோமீட்டர் என்று நினைத்து, அங்கே நின்றுகொண்டு கூப்பிட்டான். நாலு கிலோமீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் மதியச் சமையல் மூன்று மணிக்கு.

குழாய் விஷயம் இன்னும் மோசம். போன வருடம் தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் மாற்றினேன். இரும்புக் குழாயில் 20 என்றால் முக்கால் இன்ச். கறுப்பு பாலிக் குழாயில் 20 என்றால் அரை இன்ச். முன்னது பெயருக்கு உள்துவாரம், பின்னது வெளிச்சுற்று விட்டம். 20-க்கு 20 பொருந்தும் என்று இரண்டையும் வாங்கிவந்து, பொருந்தாமல், வெயிலில் திரும்பவும் கடைக்கு நடந்தேன். கடைக்காரத் தவுக்கே சிரித்துக்கொண்டே, "அண்ணே, மில்லிமீட்டர் கேக்காதீங்க, அரையா முக்காலான்னு கேளுங்க" என்றார். எண்ணை மட்டும் சொல்லி, எதன் எண் என்று சொல்லாமல் விட்டால் இதுதான் கதி. உங்கள் கடிதமும் அந்த மாதிரிதான் இருக்கிறது. 126 என்று சொல்கிறது, எந்த 1,400-லிருந்து அது வந்தது என்று சொல்லவில்லை.

கடைசி வீட்டு அக்காவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். அதில் மனையடி சாஸ்திரப் பக்கத்தில் விரலை வைத்து, "ஆறு மீட்டர்னா பத்தொன்பதா இருபதா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் 20 அடி நல்லது, 19 ஆகாது. 6 மீட்டர் என்பது 19 அடி 8 இன்ச் சொச்சம். எனக்கு இந்த சாஸ்திரத்தில் நம்பிக்கை இல்லை. சொல்லப்போனால், அதை எழுதினவர் காலத்து அடியும் இங்கிலாந்துக்காரன் கொண்டுவந்த அடியும் ஒன்றுதானா என்பதே சந்தேகம், சுவருக்கு உள்ளளவா வெளியளவா என்பது அடுத்த சந்தேகம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருபது என்றும் சொல்ல முடியவில்லை, பத்தொன்பது என்றும் சொல்ல முடியவில்லை. "அதைத்தான் கேக்கப் போறேன் அக்கா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே கேட்கிறேன். முதலில், தரையில் உண்மையிலேயே எத்தனை இருக்கிறது என்று சொல்லுங்கள். அங்கீகரித்த வரைபடத்தில் மனை 6.096-க்கு 21.336 என்றுதான் இருக்கிறது, கடிதத்தில் மட்டும்தான் நறுக்கினோம் என்றால், கடிதத்தைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். சிக்கல் முடிந்தது, நான் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறேன். 6.1-க்கு 21.3 என்று போட்டாலும் எனக்குச் சம்மதம், அது 129.93 சதுர மீட்டர், பத்திலொரு பங்குச் சதுர மீட்டருக்கு நான் சண்டைக்கு வர மாட்டேன். தரையிலும் 6-க்கு 21-தான் என்றால், அப்போது அதை 1,356 சதுர அடி என்று எங்கள் மொழியிலேயே எழுதிச் சொல்லுங்கள், விலையை 1,400-க்குப் போடாதீர்கள், 44-ஐக் கழித்துப் போடுங்கள். இரண்டில் எது என்று தெரியாமல் கையெழுத்துப் போடச் சொல்வதுதான் நியாயம் இல்லை.

மாவட்ட அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். பழைய கிராண்ட், பழைய வரைபடம், பழைய ஒப்பந்தம் எதை மீட்டருக்கு மாற்றினாலும், மூலத்தில் இருந்த எண்ணைப் பக்கத்திலேயே எழுத வையுங்கள். செயினா, லிங்க்கா, அடியா, எதுவாக இருந்ததோ அது. ஒரு வரி கூடும், அவ்வளவுதான். பெருக்குகிற எண்ணை முழுதாக வைத்துப் பெருக்கி, கடைசியில் மட்டும் நறுக்கச் சொல்லுங்கள். அடியில் பேசிப் பழகிய கிழடுகள் நாங்கள் இன்னும் கொஞ்ச நாள்தான். ஆனால் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இப்போதைக்கு நாங்கள்தான்.

திட்டத்தில் இன்னும் நிறையப் பேசவேண்டியது இருக்கிறது. கால்வாய் எந்தப் பக்கம் சரிகிறது, விளக்குக் கம்பம் எங்கே வருகிறது, கோயிலுக்குப் போகும் வழி அடைபடுமா என்றெல்லாம் ஊரில் பேச்சு. அதை வேறொருவர் எழுதுவார். எனக்குத் தெரிந்தது அளவு ஒன்றுதான்.

முதல் வரிசைக்கு முளைக்குச்சி அடித்திருக்கிறீர்கள், பார்த்தேன். சிவப்பு மை பூசிய குச்சிகள். சாலையில் நின்றபடியே கண்ணால் அளந்தேன், கண் பொய் சொல்லும், அதனால் இங்கே எழுதவில்லை. குச்சியைத் தொடவும் இல்லை, தொடுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே இருப்பேன். என்னிடம் இரண்டு இரும்பு டேப் இருக்கின்றன, ஒன்று நூறு அடி, ஒன்று முப்பது மீட்டர். இரண்டும் நேராகத்தான் இருக்கின்றன, மடிப்பு விழவில்லை. உங்கள் ஆள் ஒருவரை அனுப்புங்கள், அவர் டேப்பையும் கொண்டுவரட்டும். ஒரு நுனியை அவர் பிடிக்கட்டும், மறுநுனியை நான் பிடிக்கிறேன். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், எண்ணைச் சத்தமாகப் படித்தால் அவர் எழுதிக்கொள்வார். கோப்பிக் கடை எதிரிலேயே இருக்கிறது, முடிந்ததும் பசியாறலாம், காசு நான் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
முதல் வரிசை, ஒன்பதாம் எண் மனைக்காரன்
(முன்னாள் செயின்மேன்)